காற்றுக்குழாயின் மறுமுனை

சுறாவுக்குப் பயமில்லையா என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. இல்லாமல் என்ன, இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சுறா எப்போதோ ஒருமுறை வரும். என் தம்பி யெர்க்கோ தினமும் வருகிறான். நான் கடலுக்கடியில் இருக்கிற நேரமெல்லாம் என் உயிர் அவன் கையில். ராத்திரி அவன் தூங்கினானா இல்லையா என்பதுதான் என்னுடைய பெரிய பயம்.

அபலோன் சிப்பி எடுப்பது எங்கள் பிழைப்பு. எங்கள் ஊர் எலிஸ்டனில் படகை இறக்கி, பாறைகள் கிடக்கிற பக்கமாகப் போவோம். நான் ரப்பர் உடுப்பும் ஈயப் பட்டையும் மாட்டிக்கொண்டு இறங்குவேன். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து மஞ்சள் குழாய் வழியாக எனக்குக் காற்று வரும். நங்கூரமெல்லாம் போடுவதில்லை. நான் பாறை பாறையாக நகர்வேன். மேலே இருப்பவன் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, என் மூச்சுக் குமிழிகளைப் பார்த்துப் பார்த்து படகைக் கூடவே கொண்டுவர வேண்டும். குழாய் இழுபடவும் கூடாது, ப்ரொப்பல்லரில் சிக்கவும் கூடாது. மணிக்கணக்கில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கே கண் சொக்கும்.

யெர்க்கோவுக்கு ஏ.டி.ஹெச்.டி., மனசு ஒன்றில் நிற்காத கோளாறு. முப்பது வயதைத் தாண்டின பிறகுதான் அடிலெய்டில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம். நேரத்துக்கு எழுந்திருக்காததால் பேக்கரி வேலை போனது. தானியக் கிடங்கு வேலையும் அப்படியே போனது. கடைசியில் யாரும் வேண்டாமென்ற பிறகு, பெற்ற பாவத்துக்கு அப்பா என் தலையில் கட்டினார். அவன் கெட்டவன் இல்லை. கை நேர்த்தியானவன், கடலின் போக்கை என்னைவிட நன்றாகப் படிப்பான். ராத்திரி மட்டும் அவனுக்கு வசப்படாது.

இந்த மாதிரி ஆட்களுக்கு மூளை ராத்திரியில்தான் கடை திறக்கும் என்று டாக்டரம்மா எனக்கு விளக்கினார். நேரம் ஓடுவதே தெரியாதாம். படுக்கப் போவதே அவர்களுக்கு ஒரு பெரிய வேலையாம். தினம் ஒரே நேரத்துக்குப் படுக்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் காபி கூடாது, போனைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். யெர்க்கோ ஒழுங்காகத் தலையாட்டிவிட்டு வந்தான். என் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கேரவன் வண்டியில்தான் அவன் குடித்தனம். முதல் ராத்திரி போனை அடுப்படி டிராயரில் வைக்கப் போயிருக்கிறான். டிராயர் குப்பையாகக் கிடந்ததாம். அதை ஒழுங்குபடுத்தியிருக்கிறான். பிறகு அடுத்த டிராயர். பிறகு அலமாரி. நான் காலையில் போனபோது கேரவன் பளபளவென்றிருந்தது, நம்ம துரை ஒரு ஸ்பூனைத் தேய்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சில நாள் நன்றாகப் போகும். வேளைக்குப் படுப்பான், முகம் தெளிந்திருக்கும், எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். பிறகு ஒரு நாள், டாக்டரம்மா கொடுத்த, காலையில் போட வேண்டிய மாத்திரையை மறந்து மத்தியானம் போடுவான். அது அவனை விடிய விடிய விழிக்க வைக்கும். அத்தோடு கட்டின கோட்டையெல்லாம் சரிந்துவிடும். மறுநாள் காலையில் நான் கரண்டியால் கேரவன் தகரத்தை அடித்துத் தொண்டை கிழியக் கத்தி எழுப்புவேன். மெதுவாகப் பேசுவது எனக்கு வராது. நெவென்கா வாயைத் திறந்தால் பெலிக்கன்கள் பறந்துவிடும் என்று படகுத்துறையில் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

இறங்குவதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

“தூங்கினியா?”

“தூங்கினேன்க்கா.”

பதில் ஒருநாளும் மாறியதில்லை.

அன்றைக்கும் கேட்டேன், அன்றைக்கும் அதையேதான் சொன்னான். குளிர்காலத்தில் காற்றடித்து அடித்து, படகையே இறக்க முடியாமல் எல்லாரும் காய்ந்துபோய்க் கிடந்தோம். அன்று கடல் எண்ணெய் விட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. ஊரில் இருக்கிற படகெல்லாம் கிளம்பிவிட்டது. யெர்க்கோ என் முகத்தைப் பார்க்காமல், குழாயைச் சுருள் பிரித்துக்கொண்டே பதில் சொன்னான். கண் ரெண்டும் சிவந்திருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தண்ணீரில் விழுந்தேன்.

கீழே நல்ல பாறை. இடுக்குக்கு இடுக்கு சிப்பி ஒட்டிக் கிடந்தது. நான் பெயர்த்துப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது குழாய் என்னைப் பின்னாலிருந்து இழுத்தது. கொஞ்சம் தள்ளிப் போயிருப்பான், திரும்பி வருவான் என்று பாறையைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. இழுப்பு கூடியது. பாறையிலிருந்து என் கை நழுவியது.

குழாயை ரெண்டு முறை இழுத்தால் படகை நிறுத்து என்று அர்த்தம். அவன் ஒருமுறை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். இழுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் பலமாக இழுத்தேன். ஒன்றுமில்லை. கடல்தரை என் காலுக்குக் கீழே தானாக நகர்ந்துகொண்டிருந்தது. மாரடைப்பா, தண்ணீரில் விழுந்துவிட்டானா என்று என்னென்னவோ ஓடிவிட்டு, கடைசியில் மனசு நின்ற இடம் ஒன்றுதான். தூங்கிவிட்டான்.

ஈயப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயை விட்டு நான் மேலே போய்விடலாம். மிதந்து கிடந்தால் வேறு படகு எதுவாவது வரும். ஆனால் படகு எந்தத் திசையில் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நீருக்குள் மறைந்திருக்கிற ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கிற நாளிலும் அதன்மேல் அலை இடிந்து விழும். படகு அதில் ஏறினால் பலகை பலகையாகப் போகும், உள்ளே தூங்குகிறவன் விழிக்கிறதுக்குள் போய்விடுவான். குழாயைப் பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றி ஏற ஆரம்பித்தேன். வேகமாக ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டி நானே செத்துப்போவேன். மெதுவாக ஏறினால் அவன் செத்துப்போவான். என் மூச்சுச் சத்தம் என் காதையே அடைத்தது.

தலை வெளியே வந்ததும் படகைப் பார்த்தேன். நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கின்மேல் இடது கையை மடக்கி, அதன்மேல் கன்னத்தை வைத்து யெர்க்கோ தூங்கிக்கொண்டிருந்தான். வலது கை ஆக்சிலேட்டர் கம்பியின்மேல் இருந்தது. அவனுக்கு முன்னால், தெளிவாகத் தெரிகிற தூரத்தில், தண்ணீர் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ தெரியாது. படகின் பக்கவாட்டுக் கயிற்றை ரெண்டு கையாலும் பிடித்துவிட்டேன். ஏற முடியவில்லை. அவ்வளவு கனத்தோடு தனியாக ஏறியதே கிடையாது, எப்போதும் அவன்தான் தூக்கிவிடுவான். ஈயப் பட்டையைக் கழற்றலாமென்றால் ஒரு கையை விட வேண்டும், விட்டால் இன்னொரு கை தாங்காது. வாயிலிருந்து குழாயைத் துப்பினேன். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தேன், அவன் பெயரைச் சொல்லி ஊரே கேட்கிற மாதிரி ஒரு கத்தல் கத்துவதற்கு.

கத்தவில்லை.

என் கால் ரெண்டையும் தண்ணீர் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் ப்ரொப்பல்லர் சுற்றிக்கொண்டிருந்தது. யெர்க்கோ சத்தம் கேட்டு விழித்தால் எப்படி விழிப்பான் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தூக்கிப் போட்ட மாதிரி துள்ளி எழுவான். கை கால் எந்தப் பக்கம் போகிறதென்றே அவனுக்குத் தெரியாது. ஒருமுறை அப்படித் துள்ளியதில் கேரவன் ஜன்னலை உடைத்திருக்கிறான். இப்போது அவன் கைக்குக் கீழே ஆக்சிலேட்டர். துள்ளினால் கம்பி முன்னால் போகும், படகு பாயும், என் கை நழுவும், நான் நேரே ப்ரொப்பல்லருக்குள் போவேன். அவன் பாறைக்குப் போவான்.

மெதுவாக எழுப்ப வேண்டும். எனக்குத் தெரியாத வேலை. கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே காதில் விழவும் வேண்டும், அவன் திடுக்கிடவும் கூடாது.

“யெர்க்கோ,” என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. “யெர்க்கோ. தம்பி. அக்காடா.”

அசையவில்லை. அலை இடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“தங்கம், ஒண்ணும் அவசரமில்ல. நீ எந்திரிக்க வேணாம். கையை ஆட்டாத. கண்ணை மட்டும் திற.”

அவனை நான் தங்கம் என்று கூப்பிட்டதே இல்லை. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று கடவுளுக்குத்தான் தெரியும். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்றும் அவசரமில்லை, அக்கா இங்கேதான் இருக்கேன், கண்ணை மட்டும் திற. உள்ளுக்குள் ஒவ்வொரு நரம்பும் கத்து கத்து என்றது. விரல்கள் மரத்துப்போய்விட்டன. கயிறு கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வெள்ளைத் தண்ணீரின் தூறல் என் முகத்தில் விழுந்தது. நான் தாலாட்டு மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் கண்ணைத் திறந்தான். துள்ளவில்லை. கன்னத்தைக் கையிலிருந்து எடுக்காமலே, பக்கத்துப் படுக்கையில் கிடக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். தான் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

“அக்கா,” என்றான். “நான் தூங்கவே இல்லக்கா. நேத்தும் தூங்கல. முந்தாநேத்தும் தூங்கல. படுத்துப் படுத்துப் பார்த்தேன்.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னான்.

“தெரியும்டா,” என்றேன். “வலது கை இருக்கில்ல, அதை மெதுவா உன் பக்கமா இழு. மெதுவா.”

இழுத்தான். ப்ரொப்பல்லர் நின்றது. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தான். அவன் முகம் போன போக்கை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் கை தவறவில்லை. பாய்ந்து வந்து என் தோள்பட்டையைப் பிடித்து ஒரே தூக்கில் உள்ளே போட்டான், குழாயை வாரி இழுத்தான், படகைப் பின்னால் எடுத்துத் திருப்பினான். எங்கள் பின்பக்கத்தை ஒட்டி ஓர் அலை பாறைமேல் இடிந்து விழுந்தது.

பாறையை விட்டு விலகி வந்ததும் யெர்க்கோ எஞ்சினை நிறுத்தினான். படகுக்குள் தரையில் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கத்துக்கா என்றான். கத்திவிடு, இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்காதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்றான். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். தூங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேனா என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நீ கேக்குறது கேள்வி மாதிரியே இருக்காதுக்கா. இல்லன்னு சொல்றதுக்கு அதுல இடமே இருக்காது.”

சுருக்கென்று தைத்தது. பதிலுக்கு எரிந்து விழத்தான் வாய் வந்தது. விழவில்லை.

“இனிமே தூங்கலன்னா தூங்கலன்னு சொல்லு,” என்றேன்.

“சொன்னா கத்துவ.”

“கத்துவேன். கத்திட்டு, இறங்க மாட்டேன்.”

அவனுக்கு அது போதுமா என்று தெரியவில்லை. எனக்கே போதவில்லை. நாளைக்கும் ராத்திரி வரும், நாளைக்கும் அவன் மூளை கடை திறக்கும், நானும் நாளைக்கே பூனைக்குட்டி மாதிரி மாறிவிடப் போவதில்லை. ஆனாலும் அவன் தலையாட்டினான். தலையாட்டினவன் அப்படியே சாய்ந்து, ஈரச் சாக்கின்மேல் சுருண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான்.

என் மேல்கோட்டை எடுத்துத் தலையோடு போர்த்தினேன், வெயில் கண்ணில் விழாமல் இருக்க. படகை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன், எஞ்சினை உறுமவிடாமல். மற்ற படகுகளெல்லாம் இன்னும் வெளியேதான் இருந்தன. துறையில் கிளென் கிழவன் மட்டும் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு சீக்கிரம் என்ன என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டான். நான் பதிலுக்குச் சத்தம் போடாமல் உதட்டில் விரலை வைத்தேன். என்னை அப்படி அவன் பார்த்ததே இல்லை. கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்தான். படகுக்குள் கோட்டால் மூடிக் கிடந்த உருவத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். அவன் முகம் வெளிறிப்போனது.

“யெர்க்கோவா?” என்று மெல்லக் கேட்டான்.

“தூங்குறான்,” என்றேன். “எழுப்பிடாத.”

சொல்லிவிட்டு, கோட்டை விலக்கி, மூச்சு வருகிறதா என்று நானும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.