குலத்துணி

லவினியா அந்த வசனத்தை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினாள். அழிப்பதும் எழுதுவதுமாகவே வியாழக்கிழமை கழிந்துகொண்டிருந்தது. திரையில் இலையுதிர் காலத்துக்கான விளம்பரத்தாள் திறந்து கிடந்தது. ஸ்கொட்லாந்தின் கட்டம் போட்ட கம்பளித் துணியான டார்ட்டனின் வரலாறு பற்றி மூன்று மாலைப் பேச்சுகள். முதல் மாலை, மலைநாட்டு ஆண்கள் அந்தத் துணியை உடுத்தக்கூடாதென்று அரசாங்கம் தடை போட்ட காலம். இரண்டாம் மாலை, தடை இருந்தபோதும் அதை உடுத்த அனுமதிக்கப்பட்ட படைவீரர்கள். மூன்றாம் மாலைக்கு நேரே அவள் இப்படி எழுதியிருந்தாள்: ‘குலத்துக்கு ஒரு துணி என்ற வழக்கம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டானது. உண்டாக்கியவர்கள் யார்?’ இந்த வரிதான் அவளை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. நாளை மத்தியானம் தாள் அச்சுக்குப் போகவேண்டும்.

ஜேர்மனியின் ரூர் பக்கத்துச் சிறு நகரமொன்றில், வளர்ந்தவர்கள் மாலையில் வந்து படிக்கும் கல்விநிலையத்தில் அவளுக்கு வேலை. இதுவரை மற்றவர்களுடைய யோகாவுக்கும் இத்தாலிய மொழிக்கும் அறை ஒதுக்கி, கதிரை போட்டு, திறப்பை வாங்கி வைத்ததுதான். தன் பெயர் போட்டு ஒரு பேச்சு வரிசை நடத்தக் கிடைத்தது இதுவே முதல் தடவை. ஏன் ஸ்கொட்லாந்து என்று எல்லோரும் கேட்டார்கள். வீட்டில் யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை. அந்த ஊரை அவளால் இரவல் கண்ணால் மட்டுமே பார்க்க முடிந்தது. பதினைந்து வயதில், நகர நூலகத்தின் பின் அடுக்கில், யாரோ எங்கிருந்தோ ஜேர்மனுக்கு மொழிபெயர்த்த நாவல்களுக்குள் பனிப்புகாரும் கரிக்கும் காற்றும் ஈரக் கம்பளி மணமுமாக ஒரு நாடு கிடந்தது. அவள் வீட்டில் யாரும் அதற்கு உரிமை கோரவில்லை. அதுவே போதுமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் அதையே ஆராய்ந்தாள். ஆனால் ஒரு தடவைகூடப் போனதில்லை. எடின்பரோவுக்கு விமானச்சீட்டு விலை பார்ப்பாள், பார்த்துவிட்டு மூடிவிடுவாள்.

அன்று காலை ஹோல்ட்காம்ப் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி. நீண்ட மரத்தண்டு எறிவதும் கல் எறிவதுமாக மலைநாட்டு விளையாட்டுகள் விளையாடும் நகரச் சங்கத்துக்குத் தலைவர். மழையென்றும் பாராமல் பச்சைக் கட்டம் போட்ட கில்ட் பாவாடையோடுதான் வந்தார். முழங்கால்கள் குளிரில் சிவந்திருந்தன.

“எங்கள் ஆட்கள் எல்லோரையும் கூட்டிவருவேன். கதிரை போதாமல் போகும்,” என்றார். “அந்த மூன்றாவது மாலையை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள்.”

“பிழையாக எழுதியிருக்கிறேனா?”

“பிழையென்று யார் சொன்னது? எங்கள் இளைஞர்களுக்கு முன்னால் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்கிறேன்.”

அவர் போனபிறகு, பிரிவுத் தலைவி சபீனா தேநீர்க் கோப்பையோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். “நீயே முடிவெடு. ஆனால் மூன்றாம் மாலைக்குத்தான் மேலிடத்திலிருந்து ஆள் வரப்போகிறார். வெறும் கதிரைகளைக் காட்டிக்கொண்டு உன் ஒப்பந்தத்தை நீட்டுங்கள் என்று நான் கேட்க முடியாது.”

லவினியா, ‘தொன்மையான குலங்களின் தொன்மையான துணிகள்’ என்று எழுதிப் பார்த்தாள். இனிப்புப் பெட்டியின் மூடியில் அச்சடித்ததுபோல இருந்தது. அனுப்பவுமில்லை, அழிக்கவுமில்லை. கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரெயில் ஏறினாள். ரெயிலிலும் உட்காரப் பிடிக்கவில்லை. ஒரு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி, தூறலில் நடந்தாள்.

அம்மா வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஹோல் முழுக்கக் கத்தரிப்பூ நிறம்.

“சப்பாத்தோட மிதிச்சுப்போடாத, பிள்ளை!” முழங்காலில் நின்ற அம்மா லூர்தம்மா, வாயிலிருந்த குண்டூசிகளை எடுக்காமலே கத்தினாள். அப்பா ஸ்ரனிஸ்லாஸ் சோபாவில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, வெள்ளத்துக்கு ஒதுங்கியவரைப்போல இருந்தார்.

தம்பி பென்ஜமினுக்குக் கார்த்திகையில் கலியாணம். குடும்பத்துப் பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சாறி, ஆண்களுக்கு அதே நிறத்தில் சேட்டு. சென்னையிலிருந்து கட்டாக வந்திறங்கிய துணியை அம்மா வீடு வீடாகப் பிரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு வெட்டுகிறாளோ அவர்கள்தான் நெருங்கிய உறவு என்று சபை எடுத்துக்கொள்ளும். மியூனிக்கில் இருக்கும் பெரியப்பா அல்பேர்ட்டின் வீட்டுக்கு வெட்டுவதா விடுவதா என்பதுதான் அந்தக் கிழமை முழுக்க நடந்த சண்டை. பென்ஜமின் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்ட நேரம் பெரியப்பா நாலு பேருக்கு முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சில்லை.

“போன கிழமை கேவலார் மாதா திருவிழாவில, மெழுகுதிரி கொளுத்திற இடத்தில எனக்குப் பக்கத்திலதான் நிண்டவர்,” என்றார் அப்பா. “மாதாவோட கதைச்சார். என்னோட கதைக்கேல்லை.”

“நீங்கள் கதைச்சனீங்களோ?” என்றாள் அம்மா.

“நான் ஏன் கதைக்க?”

“அப்ப ரெண்டு பேருமாச் சேந்து மாதாவுக்குத்தான் கரைச்சல் குடுத்திருக்கிறியள்.”

லவினியா இருந்தாள், எழும்பினாள், யன்னலடிக்குப் போனாள். காலையிலிருந்து யாரிடமாவது கேட்கவேண்டும் என்றிருந்தது வாயில் வந்துவிட்டது.

“அம்மா, உங்கட கலியாணத்தில எல்லாரும் ஒரே நிறமோ போட்டவை?”

அப்பா வெடித்துச் சிரித்தார். “எங்கட கலியாணத்திலயோ? செக்பொயின்ற் தாண்டி ஆக்கள் வந்து சேந்ததே பெரிய காரியம். உன்ர கொம்மா கட்டினதே இரவல் சாறி.”

“இரவல் இல்லை. அக்கா தந்தது.”

“திருப்பிக் குடுத்தனிதானே? அப்ப இரவல்தான். இந்த ஒரே நிற விளையாட்டெல்லாம் இஞ்ச வந்தாப்பிறகு வீடியோக்காரர் தொடக்கினது, பிள்ளை. படத்தில வடிவா விழுமாம்.”

“ஸ்கொட்லாந்திலயும் இப்பிடித்தானப்பா,” என்றாள் லவினியா. “லண்டனில ஒரு சங்கம், உங்கட குலத்துத் துணியில ஒரு துண்டு அனுப்புங்கோ எண்டு தலைவர்மாரிட்டக் கேட்டதாம். கனபேருக்குத் தங்கட துணி எது எண்டே தெரியேல்லை. ஊரெல்லாம் விசாரிச்சுத் திரிஞ்சவையாம்.”

“பாவங்கள்,” என்றார் அப்பா, மனதார.

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். “நேற்றுத் தொடங்கினது எண்டு எனக்குத் தெரியாதே? அல்பேர்ட் வீட்டுப் பிள்ளையள் ரெண்டும் கோயிலுக்கை வேற நிறத்தில வந்து நிண்டால், சனம் திரும்பிப் பாக்கும். அதுகளுக்கு நோகும். அந்த நோவும் நேற்றுத் தொடங்கினது எண்டு சொல்லுவியளோ?” யாரும் பதில் சொல்லுமுன்னரே கத்தரிக்கோல் துணிக்குள் நறநறவென்று ஓடியது.

அப்பா கால்களை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். “வெட்டிறதெண்டால் இவ்வளவு நாளும் என்னட்டை ஏன் கேட்டனி?”

“கேக்கிறது மரியாதைக்கு.”

வெட்டிய துணியை மடித்துப் பெட்டியில் வைத்து, மியூனிக் முகவரி எழுதி, நாளைக்குத் தபாலில் போட்டுவிடச் சொல்லி லவினியாவிடம் தந்தாள். தன் அறைக்குத் திரும்பும் ரெயிலில் அந்தப் பெட்டி அவள் மடியில் இருந்தது. வழக்கம் புதிது என்று சொன்னால் அதை மதிக்கிறவர்களை அடித்ததுபோலாகும் என்று ஹோல்ட்காம்ப் பயந்தார். காலை முழுக்க அவளும் அதற்குத்தான் பயந்தாள். அம்மாவுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் வெட்டினாள். வெள்ளிக்கிழமை, பெட்டியைத் தபாலில் போட்ட கையோடு, பழைய வரியை ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினாள்.

ஹோல்ட்காம்ப் அதைத் தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாதென்று, சனிக்கிழமை சங்கத்தின் புல்வெளிக்குப் போனாள். அவர் சேற்றுக்குள் நின்று ஒருவனுக்குக் கல் எறியச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த மண்ணைப் பார்த்தார்.

“இதை என் மனைவிதான் தெரிந்தெடுத்தாள்,” என்றார் கடைசியில், கில்ட்டின் மடிப்பைத் தொட்டு. “ஒரு கடையின் விலைப்புத்தகத்தில். குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. இந்தப் பச்சையில் புல்லுக்கறை தெரியாது, நான்தானே தோய்க்கவேண்டும் என்றாள். அவளை அடக்கம் செய்தபோது மிச்சத் துணியை அவளோடு வைத்தோம்.”

“அன்றைக்கு வந்து இதைச் சொல்வீர்களா?”

“சிரிப்பார்கள்.”

“எங்கள் வீட்டுக் கலியாணத் துணியும் நேற்றுத் தொடங்கிய வழக்கம்தான். என் அம்மா சிரிக்கவில்லை,” என்றாள். அவர் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு மாலைகளும் எப்படியோ நடந்தன. ஸ்கொட்லாந்துக்குச் சுற்றுலா போய்வந்த முதிய தம்பதியர், பின்னல் வேலை செய்யும் சில பெண்கள், மழைக்கு ஒதுங்கிய ஒருவர். கில்ட் கட்டிய ஒருவரையும் காணவில்லை. மூன்றாம் மாலை லவினியா நேரத்தோடு வந்து, தேவைக்கு மேலாகவே கதிரைகளைப் போட்டாள். பிறகு ஒரு வரிசையை எடுத்தாள். பிறகு திரும்பவும் போட்டாள். மேலிடத்து மனிதர் முன் வரிசையில் கால் மேல் கால் போட்டு இருந்து தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். சபீனா அவரைப் பார்ப்பதும் காலிக் கதிரைகளைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

லவினியாவின் தொலைபேசியில் அம்மாவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்திருந்தது. காதோடு வைத்துக் கேட்டாள். “பிள்ளை, பெரியப்பா எடுத்தவர். துணி கிடைச்சதாம் எண்டு மட்டும் சொன்னார். கலியாணத்துக்கு வாறதைப் பற்றி மூச்சு இல்லை. ஆனா, சின்னவனுக்குக் கை நீளம் எவ்வளவு விட்டனீங்கள் எண்டு கேட்டவர். நீ நல்லாப் பேசு.”

தொடங்கும் நேரம் தாண்டியிருந்தது. சபீனா கதவைச் சாத்தினாள். பனிக்கண்ணாடி போட்ட கதவு அது, மறுபக்கம் நிறம் மட்டும்தான் தெரியும். லவினியா தண்ணீர் குடித்துவிட்டு, முதல் வசனத்தை அந்தத் தாளில் இருந்தபடியே சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கண்ணாடிக்கு அப்பால் நடைபாதையில் ஒரு பச்சை வந்து நின்றது. அதன் பின்னால் சிவப்பும் நீலமும் கலங்கலாக அசைந்தன. தாழ்ந்த குரலில் யாரோ எதையோ கேட்டார், யாரோ மறுத்தார். கதவுப்பிடி பாதிவரை கீழே இறங்கி, அப்படியே நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே அவள் அடுத்த வசனத்துக்குப் போனாள்.