எரிக்கக் கூடாத தாள்கள்

அடுப்பில் வைக்க வீட்டில் இனி எதுவும் மிச்சமில்லை என்று ஃப்ரூமாவுக்கு உறைத்தபோது, பானைத் தண்ணீரில் உருளைக்கிழங்குத் தோல் பச்சையாகவே மிதந்துகொண்டிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிற மகள் பைலாவுக்கு இன்றைக்காவது சூடாக ஒரு வாய் இறங்கியாக வேண்டும். நாற்காலி, அலமாரி, கதவுச் சட்டம் எல்லாம் போன மாதமே எரிந்து தீர்ந்தன. இருந்தது புருஷன் ஃபைவலின் காகிதக் கட்டு ஒன்றுதான்.

ஃபைவல், யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்திருக்கும் இந்தக் கெட்டோவின் நாடகக் குழுவில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவன். ஆடி முடித்த நாடகத் தாள்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் நாட்குறிப்பு எழுதுவான். பட்டினியில் சுருண்டு கிடக்கிற சனம் நாடகம் என்றால் மட்டும் எழுந்து வந்து முட்டி மோதும். அந்தக் கூத்தையும் எழுதி வைத்திருந்தான். ஒன்பது நாளுக்கு முன் அவனை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அந்த ரயில்களில் போன யாரும் இதுவரை ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. ஃப்ரூமா அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் தாளை அவள் அடுப்பு வாயில் செருகியபோது, அதே அறையில் திரைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ரெப் ஸீமல் எட்டிப் பார்த்தார். நாள் முழுக்க ஜெபிக்கிற கிழவர். கடவுளாவது ஒண்ணாவது என்று ஃபைவல் ஓயாமல் அவரை வம்புக்கு இழுப்பான்.

“கொஞ்சம் பொறும்மா. அதுல ஆண்டவன் பேர் இருக்கான்னு பாத்தியா?”

“அவர் எழுதினதுலயா? நல்லாக் கேட்டீங்க, ரெப் ஸீமல்.”

“வேதம் படிச்ச பய. வையறதா இருந்தாலும் முழுப் பேரையும் சொல்லித்தான் வைவான். குடு இங்க.”

யூத முறைப்படி, ஆண்டவனின் நான்கெழுத்துப் பேர் உள்ள தாளை எரிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. மண்ணில்தான் புதைக்க வேண்டும். கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் சொன்னது சரிதான்.

“திட்டியிருக்கான். நல்லாவே திட்டியிருக்கான். ஆனா பேர் பேர்தான். இந்தப் பதினொரு தாளையும் நான் புதைச்சிடறேன். மிச்சத்த நீ தாராளமா எரிச்சுக்கோ.”

மிச்சம் நாற்பதுக்கு மேல் இருந்தது. மேலே கிடந்த தாளை ஃப்ரூமா எடுத்தாள். ‘பைலாவுக்கு இன்று பல் விழுந்தது. ஃப்ரூமா சிரித்தாள்.’ சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. கட்டோடு இருந்த துண்டுப் பென்சிலை எடுத்து, அந்த வரிக்குக் கீழே நான்கு எழுத்தையும் எழுதினாள்.

“வீணா எழுதக் கூடாதும்மா அந்தப் பேர.”

“எழுதியாச்சு. இப்ப எரிங்க பாப்போம்.”

அடுத்த தாள். அதற்கடுத்தது. கிழங்குக்குத் தோல் சீவுகிற மாதிரி கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“அம்மா, சூப் ஆச்சா?” என்றாள் பைலா.

காதில் விழாமல் இல்லை. பிள்ளையை விடக் காகிதமா பெரிது என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அடுத்த தாளை எடுத்தாள்.

ரெப் ஸீமல் பைலாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் போனார். ஆணி கிறீச்சிட, அவர் தன் கட்டில் பலகையைப் பெயர்க்கிற சத்தம் கேட்டது.