யார் கை பட்ட குச்சி

பந்து ஒரு நூலளவுதான் விலகியது. ஆனால் தையல்காரிக்கு ஒரு நூல் என்பது சின்ன விஷயமல்ல. நேராக அடித்தால் பிசகில்லை. பந்தின் ஓரத்தில் தட்டிப் பக்கச் சுழற்சி கொடுத்து அடித்தால் மட்டும் வெள்ளைப் பந்து ஒரு வாரம் சொன்னபடி கேட்டது, மறுவாரம் தன் இஷ்டத்துக்குப் போனது.

அவளும் நாத்தனாரும் ஜோடி. சனிக்கிழமை மதியங்களில் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில், மேசைமேல் குச்சியால் பந்தைக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் ஆடுவார்கள். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய இரண்டு குச்சிகள். ஒன்றின் முன்பாதியைக் கழற்றி மற்றதில் திருகினாலும் பொருந்தும். வாரம் முழுக்க இரண்டும் நாத்தனார் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை அலமாரியில்தான் கிடக்கும். சாவி நாத்தனாரிடம்.

குச்சியின் முன்பாதியை நாத்தனார் மாற்றி வைக்கிறாளோ என்ற நினைப்பு தையல்காரிக்கு ஒருமுறை வந்தபின் போகவில்லை. நாத்தனார் சிரித்தால் அதில் ஏதோ இருந்தது. சிரிக்காவிட்டால் அதிலும் இருந்தது. "இன்னைக்குக் கை சரியில்லையா அண்ணி?" என்று அவள் கேட்டது வேண்டுமென்றே கேட்டதாகப் பட்டது.

தையல்காரி யாருக்கும் தெரியாமல் தன் குச்சியின் முன்பாதியில், திருகுக்கு அருகே ஊசியால் ஒரு புள்ளி குத்தினாள். அடுத்த வாரம் புள்ளி இருந்தது, பந்தும் விலகியது. அப்படியானால் மாற்றவில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாள். அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்தாள். குச்சி இளைக்கவில்லை. சந்தேகமும் இளைக்கவில்லை.

அந்த மாடியில் நடந்த போட்டியின் அரையிறுதியில் அவள் அடித்த கடைசிப் பந்து குழியின் வாய்வரை போய் நின்றுவிட்டது. தோல்வி. அத்தனை பேர் முன்னால் அவள் நாத்தனாரின் பையை இழுத்து மேசைமேல் கொட்டினாள். கைக்குட்டை, குச்சி நுனியில் தேய்க்கும் சுண்ணக்கட்டி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

"என்ன தேடுறீங்க அண்ணி?"

"என் குச்சியை நீ என்னமோ பண்றே."

நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் தையல்காரி மரக் கடைசல் பட்டறைக்குப் போனாள். "இதை யாரோ கெடுத்திருக்காங்க, பாருங்க."

கடைசல்காரர் குச்சியின் முன்பாதியை இரண்டு கட்டைகள்மேல் கிடத்தி, நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு மெல்லத் திருப்பினார். ஒரு பக்கம் மேலே இருக்கையில் கொஞ்சமாகத் தொய்ந்தது. கால் சுற்று திருப்பியதும் கூடுதலாக.

"யாரும் கெடுக்கலம்மா. இது ஒத்தை மரத்துல கடைஞ்சது. மர ரேகைப் பக்கம் ஒரு மாதிரி வளையும், குறுக்குல ஒரு மாதிரி. பந்தை ஓரத்துல தட்டுறப்ப அந்த வளைவுதான் பந்தை விலக்குது. எந்தப் பக்கத்தை மேல வெச்சு அடிப்பீங்க?"

முன்பு கைப்பிடியில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. அது மேலே தெரியும்படி பிடிப்பது அவள் பழக்கம். நான்கு மாதத்துக்கு முன் அவளே தோலுறை தைத்து அதை மூடியிருந்தாள். அதன்பின் எந்தப் பக்கம் மேலே வருகிறது என்று பார்த்ததேயில்லை.

"நேர்நூல், குறுக்குநூல்," என்றாள் மெதுவாக. துணி எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடும் என்று ஊருக்கே சொல்கிறவள்.

"அதேதான். ஆரஞ்சுச் சுளை மாதிரி ஆறு துண்டை ஒட்டிக் கடைஞ்சா, எப்படித் திருப்பினாலும் ஒரே குணம். செஞ்சு தரட்டா?"

"அப்புறம் சொல்றேன்," என்று நேரே கண்ணாடிக் கடைக்கு நடந்தாள்.

நாத்தனார் ஒரு கண்ணாடிச் சட்டத்தில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். தையல்காரி சொன்ன எல்லாவற்றையும் கேட்டும் நிமிரவில்லை.

"நாலு மாசமா என்னைக் கண்கொத்திப் பாம்பாட்டம் பார்த்தீங்களே, தெரியாதுன்னா நினைச்சீங்க?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு இருந்தேன். பையைக் கொட்டுவீங்கன்னு நினைக்கல."

"தப்புதான். சனிக்கிழமை வருவியா?"

"அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க."

"அவருக்குத் தொடப்பமே பிடிக்கத் தெரியாது."

நாத்தனாரின் உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மூன்று சனிக்கிழமைகள் அவள் வரவில்லை. நான்காவது வாரம் வந்தாள். பையின் ஜிப்பில் புதிதாக ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. தையல்காரி அதைப் பார்த்தாள். பந்துகளை அடுக்கத் தொடங்கினாள்.