இரண்டாவது தட்டல்

ஒரு கதவைத் தட்டினதும் "இதோ வர்றேன்" என்று குரல் மட்டும் வந்து, ஆள் வராமல் போனால், நீங்கள் மறுபடி தட்டுவீர்களா?

என் அக்கா தட்டமாட்டாள். தினமும் காலையில் போன் செய்கிறவள். போன வாரம் அவள் கூப்பிட்டபோது, "வேலையா இருக்கேன்க்கா, நானே கூப்பிடுறேன்" என்று வைத்தேன். மறந்துபோனேன். அதோடு அவள் போன் நின்றுவிட்டது. கோபம்தான் என்று நினைத்தேன். கூப்பிடப் பயமாக இருந்தது. இந்த ஊரில் அவள் குரலை விட்டால் எனக்கு வேறு துணை கிடையாது.

நாங்கள் மருத்துவமனைக் கட்டில்களுக்கு அழைப்பு மணி செய்கிறோம். நோயாளி பொத்தானை அழுத்தினால், உள்ளிருக்கும் சின்னக் கணினி கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு மணியடிக்க வேண்டும். அந்தக் குறுக்கீட்டைக் கவனிக்கும் பகுதியை, கணினியை உள்ளிருந்து நடத்தும் மென்பொருளான கெர்னலில் எழுதியவன் நான். முதல் தடவை அழுத்தினால் அடித்தது. அடுத்த தடவை கம்மென்று கிடந்தது.

எதிர் மேசையில் வயர் பற்றவைக்கும் மீசைக்காரர் சிரித்தார். "என்ன தம்பி, ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் வலிக்கணுமா?"

"வயரைப் பாருங்கண்ணே."

"என் வயர் மேல பழி போடாத. அது தங்கம்."

ஜன்னலில் மழை வழிந்தது. மின்விசிறிச் சத்தத்தில் கண் சொருகியது. கெர்னல் ஒரு பெரிய வீடாக இருந்தது. அறைக்குள் அறை, எல்லாவற்றிலும் மெல்லிய வெளிச்சம். வாசலில் ஒரு காவல்காரர்.

"உள்ள போனவங்க வேலை முடிஞ்சுதுன்னு யாராவது சொல்லணும்ப்பா. அப்பத்தான் அடுத்த ஆளை விடுவேன்."

வெளியே அக்கா நின்றாள், தட்டத் தூக்கிய கையை இறக்காமல். மழை அவள்மேல் படாமல் சுற்றிலும் பெய்தது.

"யாருமே சொல்லலையே" என்றார் காவல்காரர்.

விழித்தேன். சொல்லவில்லைதான். மணியடித்த பிறகு, "இது முடிந்தது" என்று, குறுக்கீடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விடும் இன்டரப்ட் கன்ட்ரோலருக்குத் தெரிவிக்கும் வரியை நான் எழுதவே இல்லை. முதல் அழுத்தலே இன்னும் முடியவில்லை என்று அது காத்துக்கொண்டிருந்தது. அந்த வரியைச் சேர்த்தேன். மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. மீசைக்காரர் பொத்தானை விடுவதாயில்லை.

"போதும்ணே, நோயாளி எழுந்து ஓடிருவான்."

மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"கோவமாக்கா?"

"என்ன கோவம்? நானே கூப்பிடுறேன்னு நீதானேடா சொன்ன? நடுவுல தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்தேன். குளிக்கப் போனாக்கூட போனைத் தூக்கிட்டுப் போறேன்."

"அந்த வேலை முடிஞ்சிருச்சுக்கா."

"அதைச் சொல்ல இத்தனை நாளாடா, எருமை?"

மறுநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.