பதினோரு டன்னிக்ளிஃப்கள்

1931 தை மாதம் செவ்வாய்ப்பேட்டையில் பதினோரு டன்னிக்ளிஃப்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் வெள்ளைக்காரர். அவரும் இரண்டு வருஷமாகக் கல்லறையில் இருந்தார். நூல் ஏஜெண்டான அந்தத் துரை சொன்ன விலையை மாற்றமாட்டார், எடையில் கை வைக்கமாட்டார். வாரிசில்லாமல் அவர் செத்ததும், நல்ல பெயர் சும்மா கிடக்கிறதே என்று ஜவுளிக்கடை மருதாசலம் அதைத் தன் பலகையில் எழுதிவைத்தார். பேரத்துக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டிக்காரர்களே பேரம் பேசாமல் வாங்கிப்போனார்கள். அடுத்த பொங்கலுக்குள் டன்னிக்ளிஃப் சோடா, டன்னிக்ளிஃப் மூக்குப்பொடி, டன்னிக்ளிஃப் குடை ரிப்பேர் என்று தெருவே ஒரே குடும்பமாகிவிட்டது.

பிறகு அவர்களுடைய சொந்தப் பெயர்கள் கழன்றன. முதலில் பத்திரங்களிலிருந்து, அப்புறம் கூப்பிடுகிறவர்கள் வாயிலிருந்து. கோயிலில் அர்ச்சகர் பெயர் கேட்டால் மருதாசலம் வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். பலகையைக் கழற்றியும் பார்த்தார், பெயர் திரும்பவில்லை. மகள் சாரதாமணியின் கல்யாணப் பத்திரிகையில், அச்சகத்தார் எத்தனை முறை கோத்தாலும் தகப்பன் பெயர் மட்டும் உதிர்ந்துபோனது.

சம்பந்தி கந்தவேல் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொந்தப் பேரையே பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவரு, பொண்ணுக்கு என்னத்தைங்க சீர் செய்யப்போறீங்க? வெள்ளிக்கெழமைக்குள்ள பேரு வரோணும். இல்லீன்னா நாங்க வேற ஊடு பாத்துக்கறோம்."

முன்பு ஊர் முழுக்கப் புழங்கிய மருதாசலத்தின் சொந்தப் பெயர் ஒருத்தி வாயில் மட்டும் புழங்கியதில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஜானகியம்மாள் புருஷன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசில் ஒரு வருஷம் போய்விடும். அந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"ஏனுங்க, சொல்லட்டுங்களா?"

"ஒரு வருசம் ஜாஸ்தி. பத்து மாசத்துக்கு முடியுமான்னு பாரு."

"இதுல பேரமெல்லாம் இல்லீங்க."

"செரி, கல்யாணம் முடியட்டும், அப்பறம் எடுத்துக்கச் சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். மடிப்புக் கலையாத கோடி வேட்டிபோலப் பெயர் வெளியே வந்தது. அன்று சாயங்காலமே பத்திரிகை அச்சாகிவிட்டது.

வைகாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. அந்த ஒரு வருஷம் ஆயுசின் கடைசியில் போகும் என்று மருதாசலம் நினைத்திருந்தார். மறுநாள் காலை, கடையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே காணாமல் போனார். மற்ற ஒன்பது வீட்டுப் பெண்களும் யோசித்துப் பார்த்து, அந்த வாரமே தங்கள் புருஷன்மார் பெயரைச் சொன்னார்கள். அந்த வருஷம் பத்துக் கடையிலும் பெண்களே உட்கார்ந்தார்கள். சோடாவில் காரம் ஏறியது, மூக்குப்பொடியில் மண் குறைந்தது.

அடுத்த வைகாசியில் அதே நாள் மருதாசலம் அதே வெற்றிலையோடு கடையில் நின்றார். சுண்ணாம்பு காய்ந்திருக்கவில்லை.

"நூல் என்ன வெலை?"

"தணிஞ்சிருக்குதுங்க," என்ற ஜானகியம்மாள் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "அந்தப் பக்கம் உக்காருங்க. ஆட்டையாம்பட்டிக்காரரு காத்துட்டிருக்காரு."

மருதாசலம் அந்தப் பக்கம் உட்கார்ந்து, சேலையைப் பிரித்துக் காட்ட ஆரம்பித்தார்.