பிறந்த இடம்: மாதனூர்

1915, ஐப்பசி இருபத்துமூன்றாம் தேதி, காலை ஒன்பதே கால் மணி. வேலூர் கலெக்டர் கச்சேரி வராந்தாவில் சவுரியம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தா பத்து மணிக்குத்தான் வருவார் என்றார்கள். பக்கத்தில் அவளுடைய அம்மா கெங்கம்மாள். மாதனூரிலிருந்து இருட்டோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள். பள்ளிகொண்டா தாண்டி வெளிச்சம் வந்ததும் கெங்கம்மாள் மகளின் கைகளை இழுத்துக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி இரண்டும் வரவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, அச்சில் இருந்த மசகை விரலில் எடுத்துத் தடவிக் கழற்றினாள். கழற்றியதைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டாள். தாலியைத் தொடவில்லை.

“அத நீயே பாத்துக்கோ” என்றாள்.

சவுரியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதோடு சரி. தாலி உள்ளே அப்படியே இருந்தது.

டவாலி பெருமாள் கதவைத் திறந்துகொண்டே கேட்டான். “இன்னாம்மா, ஜெர்மன் தொரசானின்னு பேர் போட்டிருக்குது. அது யாரு, நீயா?”

“எம் பொண்ணுதான். மாதனூர்” என்றாள் கெங்கம்மாள்.

“மாதனூர ஜெர்மன்காரன் எப்ப புடிச்சான்? பேப்பர்ல ஒண்ணும் போடலியே.”

வராந்தாவில் மனுவோடு காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அது தமாஷ் என்று சவுரியம்மாளுக்கும் புரிந்தது. முகம்தான் அசையவில்லை. ஒரு வருஷமாக அது அப்படித்தான் இருந்தது.

அவள் புருஷன் வேபர் ஜெர்மன்காரன், ஹாம்பர்க் கம்பெனிக்குத் தோல் வாங்க ஆம்பூருக்கு வந்தவன். மண்டிகளில் அடுக்கி வைத்த தோல்களைக் கண்ணால் பார்க்கமாட்டான். கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டுவான், முகர்ந்து பார்ப்பான், தரம் சொல்வான். சவுரியம்மாள் அங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தாள். 1913இல் வேதக் கோயிலில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மிஷன் பள்ளியில் படித்தவள் என்பதால் கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அதைத் தவிர வேறு எந்தக் காகிதத்திலும் அவள் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த சித்திரையில் அவளுக்கு ஏழாம் மாதம். குழந்தை தன் ஊரில் பிறக்கட்டும் என்று வேபர் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். கெங்கம்மாள் மாதனூரிலிருந்து வளையல் கூடையோடு வந்து இறங்கினாள். மகள் கிறிஸ்தவ வேதத்துக்குப் போய்விட்டாளே தவிர, தாய்க்கு இன்னும் மாரியம்மன்தான். “தலப்புள்ள. தாய் வூட்லதான் பொறக்கணும். கப்பல்ல வலி எடுத்தா எவன் மருத்துவச்சி?” என்றாள். வேபருக்குப் பாதிதான் புரிந்தது. சிரித்தான். வளைகாப்புக்கு வந்து சப்பணம் போட்டு உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து ஐந்து வகைச் சோறும் தின்றான். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அடுத்த வருஷம்” என்று தமிழிலேயே சொன்னான்.

ஆனிக் கடைசியில் மாதனூரில் ஆண் குழந்தை பிறந்தது. இருபத்திரண்டாம் நாள் ஜெர்மனியோடு சண்டை வந்தது. அடுத்த வாரம் போலீஸ் வந்து வேபரைக் கூட்டிக்கொண்டு போனது. இப்போது ஜெர்மன்காரர்களை அடைத்து வைத்திருக்கும் அகமத்நகர் முகாமில் இருக்கிறான். திங்கட்கிழமைதோறும் சவுரியம்மாள் ஆம்பூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், தான் ஓடிப்போகவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள்.

பெருமாள் உள்ளே வரச் சொன்னான்.

குமாஸ்தா ராமமூர்த்தி காகிதக் கட்டை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். துரை மனைவிக்கு நாற்காலி போடுவதா, பட்டை இடித்தவளை நிற்க வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. “உக்காரும்மா” என்றார், எங்கே என்று காட்டாமல். அவள் நின்றாள். குழந்தையைக் கீழே விட்டாள். அது மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ஜெர்மன்காரங்க சம்சாரங்கள எல்லாம் ஊருக்கு அனுப்பறாங்க. நவம்பர் பத்தொம்பதாம் தேதி பம்பாய்ல கப்பல். உங்க பேரு லிஸ்ட்ல இருக்குது.” பக்கத்தைத் திருப்பினார். “குழந்த பேரு இல்ல.”

“ஏன் சாமி?” என்றாள் கெங்கம்மாள்.

“அது நம்ம சக்கரவர்த்தியோட பிரஜை. இந்த மண்ணுல பொறந்திருக்குது. மணியக்காரர் பொறப்புக் கணக்குல எழுதியிருக்காரு, மாதனூர்னு.”

“நாங்க அப்படி ஒண்ணும் எழுதிக் கேக்கலியே.”

“கேக்கவே வேணாம். மனு கெடையாது, கையெழுத்து கெடையாது. பொறந்தாலே போதும். தானா வர்றது.”

சவுரியம்மாள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “நானும் மாதனூர்லதான் பொறந்தேன்.”

“பொறந்தப்ப நீயும் பிரஜைதான்மா. கல்யாணத்தோட அது போய்டுச்சு.”

“அதுவும் தானாவா?”

“அதுவும் தானாத்தான்.”

அவள் தலையை ஆட்டினாள், விலை சொன்னால் ஆட்டுகிற மாதிரி.

“இன்னும் பால் மறக்கல சாமி. வுட்டுட்டு எப்படிப் போவும்?” என்றாள் கெங்கம்மாள்.

“எதிரி ஊருக்கு நம்ம பிரஜையை அனுப்ப இங்க யாருக்கும் அதிகாரம் இல்ல. ஆயா நீங்க இருக்கீங்க. வெச்சி வளருங்க.”

கெங்கம்மாள் மேஜையருகில் நகர்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். “மணியக்காரர் ஒரு வழி சொன்னாரு.”

ராமமூர்த்தி பெருமாளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். அவன் போனதும் பேனா முள்ளைத் துணியில் துடைத்தார். முள் சுத்தமாகத்தான் இருந்தது.

“புருஷன் தவறிட்டா, சம்சாரம் திரும்பப் பிரஜையாவறதுக்கு மனு குடுக்கலாம். மனு இருக்கற வரைக்கும் கப்பல் ஏத்த மாட்டாங்க. முகாமுக்கு எழுதி, பதில் வர மூணு மாசம் ஆவும். அதுக்குள்ள கப்பல் போயிடும்.” கொஞ்சம் நிறுத்தினார். “பொய்னு தெரிஞ்சா ஜெயிலு. அங்க இருக்கறவருக்கும் இந்தக் காகிதம் போய்ச் சேரும். அதையும் சொல்லிட்டேன். நீங்க இன்னா சொல்றீங்களோ அத நான் எழுதறேன்.”

போன வியாழக்கிழமை வந்த கடிதம் சவுரியம்மாளின் ரவிக்கைக்குள் இருந்தது. முகாம் முத்திரை குத்திய கடிதம். இங்கிலீஷில் இருந்ததால் கோயில் உபதேசியார்தான் படித்துச் சொன்னார். பல்வலி என்று எழுதியிருந்தான். பையன் நடக்கிறானா என்று கேட்டிருந்தான். இங்கே ஒரு துண்டுத் தோல் கிடைத்திருக்கிறது, நல்ல தோல், அவன் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு அனுப்பு என்று எழுதியிருந்தான். நேற்று அடுப்புக்கரியால் கோடு போட்டாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டதில் கட்டைவிரல் பக்கம் கோணலாகிவிட்டது. அந்தக் காகிதத்தையும் கடிதத்தோடு மடித்து வைத்திருந்தாள். வியர்வையில் கரி இழுபட்டிருக்குமோ என்று இப்போது நினைத்தாள். வேறெதுவும் நினைக்க வரவில்லை.

குழந்தை மேஜைக்காலை விட்டது. இரண்டு எட்டு தானாக நடந்து குமாஸ்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அவர் குனிந்து பார்த்தார். விலக்கவில்லை. புதுக் காகிதம் ஒன்றை எடுத்து, ஓரம் மடித்து, பெயரும் ஊரும் எழுதினார். கெங்கம்மாள் மகளின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

ராமமூர்த்தி நிமிர்ந்தார். அவர் பார்வை அவளுடைய மணிக்கட்டுகளில் நின்றது. அங்கே மசகு கறுப்பாக ஒட்டியிருந்தது. பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

“சொல்லும்மா. வேபர் உயிரோட இருக்காரா?”