நான்காம் தொட்டியின் மூன்றாம் நாள்

...குமிழிதான், சந்தேகமில்லை, பாட்டிலைக் கவிழ்த்தால் ஏறிவந்து அடிப்பக்கம் ஒட்டிக்கொள்கிறது, கடுகளவு, இல்லை, கடுகில் பாதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது, சாய்க்காமலே இருந்திருக்கலாம், சாய்த்தாகிவிட்டது. மூன்று பாட்டிலிலும் இருக்கிறது. மூன்றும் கொக்கு என்று எல்லோரும் கூப்பிடுகிற பையன் நான்காம் தொட்டியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவை. குமிழி இருந்தால் தள்ளிவிடவும் என்று ஆய்வுக்கூடச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஒட்டியவள் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருப்பவனின் மனைவி, ஆக விதியும் அவன் பக்கம், மனைவியும் அவன் பக்கம்... பதினோரு மணிக்குக் கூட்டம், இப்போது பத்தாகப் போகிறது, நோட்டில் 'நீக்கம்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும், நான்காம் தொட்டிக்கு மூன்றாம் நாள் என்று ஒரு நாளே இல்லாமல் போய்விடும். ஆய்வுக்கூடத் தலைவர் மேடம் உதட்டைப் பிதுக்குவார், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள் என்பார், கடலில் சோதனைக்குப் போகும் கப்பலில் இருக்கிற ஒரே இடம் அவனுக்கா கொக்குக்கா என்ற பேச்சு இரண்டு மாதம் தள்ளிப்போகும். பொய் சொன்னதாகவும் ஆகாது. ஆகாதா? குமிழி கெடுப்பது நீரிலுள்ள வாயுவின் அளவைத்தான். இன்று அளக்கப்போவது நீரின் காரத்தன்மையை. காரத்தைக் குமிழி ஒன்றும் செய்யாது. இது இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

வேலை என்னவோ சொல்வதற்கு எளிது. கடல்நீரில் அமிலத்தை முறிக்கும் காரப்பொடியைக் கரைத்தால் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், எவ்வளவு இழுத்தது என்று கணக்கெடுக்க வேண்டும், அவ்வளவுதான், அதற்குத்தான் ஆறு தொட்டி, நாலு வருஷம், இத்தனை தலைநரை. பொடியை எப்படிப் போடுவது என்பதில்தான் சண்டை. ஒரே தடவையில் கொட்டு என்றான் அவன், கப்பல் மணிக்கணக்கில் நின்றுகொண்டிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போடு என்றாள் மனைவி, மொத்தமாகக் கொட்டினால் சுண்ணாம்பாகத் திரண்டு அடியில் படிந்துவிடும், இழுத்த வாயுவையும் நீர் திருப்பிக் கக்கிவிடும். இரண்டாம் தொட்டி அவன் முறை. நான்காம் தொட்டி அவள் முறை, அவள் போனபிறகு அது கொக்கின் கைக்குப் போனது. நேற்றுக் காலை இரண்டாம் தொட்டியின் மூடியைத் திறந்தான். பால். ஒரு தொட்டி நிறையச் சுண்ணாம்புப் பால். கொக்கு பக்கத்தில் நின்றிருந்தான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூடியை மெதுவாக மூடினான், செத்தவர் முகத்தை மூடுகிற மாதிரி. அந்த மரியாதைதான் பற்றிக்கொண்டு வருகிறது.

கொக்கு என்று பேர் வைத்தவளும் அவள்தான். தொட்டி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பாட்டிலை முக்குவான், இன்னொரு கால் அந்தரத்தில் இருக்கும், என்னடா கொக்கு மாதிரி நிக்கிறே என்றாளாம், அப்படியே ஒட்டிக்கொண்டது. அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். ஆறு வருஷக் கல்யாணத்தில் புருஷனுக்கு ஒரு பட்டப்பேர் வைத்திருக்கிறாளா? யோசித்துப் பார்த்தான். இல்லை. 'இங்க பாரு' என்றுதான் கூப்பிடுவாள். இங்க பாரு, துண்டு எடு. இங்க பாரு, நான் தூங்கப்போறேன்... பாட்டில் நிரம்பி வழியும்போது விநாடியை எண்ணுவாளே, பத்தைத் தாண்டியதும் ஒரு இழுவையோடு, பதினொ...ண்ணு என்று, போன வாரம் தொட்டி அறைக்கு வெளியே நடந்தவன் அப்படியே நின்றுவிட்டான், உள்ளே அதே இழுவை, குரல் மட்டும் ஆண் குரல். எட்டிப் பார்த்தால் கொக்கு. கூடவே நின்று கற்றுக்கொண்டிருக்கிறான். இரண்டு வருஷம், தினமும் விடிகாலை, அவன் போர்வைக்குள் சுருண்டிருந்த நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஈரத் தரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். தப்பாக ஒன்றுமில்லை. தப்பாக இருந்திருந்தால் சுலபம், அதற்கென்று ஒரு கோபம் இருக்கிறது, ஊருக்கே தெரிந்த கோபம். இதற்கு என்ன பேர்? அவள் செத்து ஏழு மாதம், அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஆனால் அந்தப் பதினொன்றுக்காக ஒருவன் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

பேனாவை எடுத்தான். 'நீ' என்று எழுதினான். கதவு திறந்தது, கொக்கு பாட்டில்களை எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, என் பிள்ளைங்க உயிரோட இருக்கா?"

"விஷம் போட்டுத்தானே கொண்டுவந்தே? அப்புறம் என்ன உயிர்?" என்றான். பாட்டிலில் இருக்கிற நுண்ணுயிர்கள் நீரை மாற்றிவிடாமலிருக்கப் பாதரச உப்பு இரண்டு சொட்டு விடுவது வழக்கம். கொக்கு சிரித்தான். அப்புறம் நோட்டைப் பார்த்தான், ஒற்றை எழுத்தைப் பார்த்தான், சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டான்.

"குமிழிண்ணா?"

"மூணுலயும்."

"சரி, தள்ளிடுங்க."

"காரத்துக்குக் குமிழி ஒண்ணும் பண்ணாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ணா."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்க மாட்டேங்கறே? உன் தொட்டி, உன் மூணு நாள் உழைப்பு!"

கொக்கு தலையைச் சொறிந்தான். "உங்ககிட்ட நேரா வாதாடாதேன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

சொல்லியிருக்கிறாளா? எப்போது? எதற்கு? கை தானாகப் பாட்டிலைத் திறந்தது, நீரை அளந்து மிஷினில் ஊற்றியது, காரத்தை அளக்க அமிலம் சொட்டத் தொடங்கியது. இனி கால் மணி நேரம். கொக்கின் முட்டாள்தனத்தைத் திருத்தப்போய்த் தன் கையாலேயே அவனுக்கு வழி விட்டாயிற்று, போகட்டும், குடியா முழுகிவிடும்... திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது. கொக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"அண்ணா, இதை நான் கூட்டத்துல சொல்ல மாட்டேன். உங்ககிட்ட மட்டும். மேடம் கட்டுரையில அக்கா பேரைத்தான் முதல்ல போடணுங்கறாங்க, போடட்டும், எனக்குச் சந்தோஷம். ஆனா பொடியைப் பிரிச்சுப் போடறது... அது நான் சும்மா உளறினது. காபியில சர்க்கரையை மொத்தமா கொட்டினா அடியில தங்கிடுதேன்னு. அக்காதான் உக்காந்து கணக்குப் போட்டாங்க."

"அவ தன்னோட யோசனைன்னு சொன்னாளே."

"ஆமா. 'வீட்ல என் யோசனைன்னு சொல்லிக்கறேன்டா, உன் பேரை எடுத்தாலே அவர் முகம் மாறிடும்'னாங்க."

அன்று சமையலறையில் ஈரத் தட்டோடு நின்றாள். இது என் யோசனை, பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு, கணக்குல தப்புன்னு சொல்லாதே... இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்தவன் யோசனைக்காக அவள் வாங்கிக்கட்டிக்கொண்ட இரண்டு நாள். இந்தப் பொறாமை அவள் போனபிறகு முளைத்தது, தனியாக இருப்பவனுக்கு வரும் கோளாறு, அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தான்? அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, வீட்டுக்குள் நுழையுமுன் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று பிரித்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள், தினமும்.

மிஷின் நின்றது. இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. போட்ட காரம் அப்படியே நிற்கிறது, ஒரு துளி சுண்ணாம்பாகவில்லை. 'நீ'யை அடித்துவிட்டு எண்ணை எழுதினான், பாட்டில் ஒன்று, அடுத்ததை வைத்தான். கொக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து கைகளைத் தலைக்கு மேலே தூக்கினான், பிறகு அவன் இருப்பது ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டான். "கப்பலுக்கு நீங்களே போங்கண்ணா, எனக்குக் குமட்டும்." "பொய் சொல்லாதே" என்றான் அவன், "உனக்குக் குமட்டாது." இரண்டு பேரும் சிரித்தார்கள், அவனுக்கே ஆச்சரியம்.

பிரித்து வைத்துவிட்டு வந்தவள் வேறு எதையெல்லாம் வெளியே விட்டாள்? அவள் செத்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது, முன்னால் தலைவலி ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்றான், அவ்வளவு உறுதியாகச் சொன்னான். விடிகாலையில், ஈரத் தரையில், இவனிடம் சொல்லியிருப்பாளோ? தலை வலிக்குதுடா கொக்கு, அவர்கிட்ட சொல்லாதே... ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும், இரண்டடி தூரத்தில் நிற்கிறான், மறைக்கத் தெரியாதவன். அமிலம் சொட்டியது. கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான், பதிலுக்குப் பயந்து அல்ல, எந்தப் பதில் தனக்கு வேண்டும் என்பது தெரிந்துவிட்டதால். இல்லை என்று வர வேண்டும். இவனிடம்கூட, ஒருவரிடமும் சொல்லாமல், அவ்வளவு வலியையும் அவள் தனியாகவே தூக்கிக்கொண்டு நடந்திருக்க வேண்டும்.